ஐப்பசி மழைக்கு முன் மாடித் தண்ணீர்க் குழாய்களை எப்போது, எப்படிச் சுத்தம் செய்வது?

குரோம்பேட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு 1996-இல் என் தந்தையார் கட்டியது. தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும் உள்ளன. மொட்டை மாடியின் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர அடி இருக்கும். மேலே தட்டோடு பதித்திருக்கிறோம். மழைத்தண்ணீர் இறங்குவதற்குக் கிழக்குப் பக்கத்து இரண்டு மூலைகளிலும் நான்கு அங்குலக் குழாய் ஒவ்வொன்று உண்டு. பக்கத்து வீட்டு வாதுமை மரத்தின் கிளைகள் எங்கள் கைப்பிடிச்சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதால் ஆண்டு முழுவதும் மாடியில் இலை விழுந்துகொண்டே இருக்கிறது.

கடந்த கார்த்திகையில் ஓர் இரவு முழுவதும் மழை பெய்தது. காலையில் மாடிக் கதவைத் திறந்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றிருந்தது. மாலைக்குள் படுக்கையறைக் கூரையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஈரம் பரவி, பெயிண்ட் கொப்பளமாக எழும்பிவிட்டது. மூன்றாம் நாள், அதே சுவரில் இருக்கும் சுவிட்சைத் தொட்ட என் மனைவிக்கு லேசாக மின்சாரம் அடித்தது. அதிலிருந்து மழை என்றாலே வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது.

நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு அடித்துத் தருவதாகச் சொன்ன ஒருவர் 80,000 ரூபாய் கேட்கிறார். எங்கள் தெருவில் இருக்கும் வயதான கொத்தனாரோ, முதலில் குழாயைச் சுத்தம் செய்யுங்கள், பூச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அவர் சொல்வது சரிதானா? சுத்தம் செய்வதென்றால் எந்த மாதத்தில், எத்தனை முறை, எப்படிச் செய்ய வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

சுண்ணாம்புச்சாந்து:

வணக்கம் ஐயா. கட்டுமான மேற்பார்வையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் தெருக் கொத்தனார் சொன்னதுதான் சரி. தண்ணீர் தேங்கி நிற்கும் தளத்தில் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சை அடித்தாலும் அது சில ஆண்டுகளில் எங்காவது ஒரு மூலையில் உரியத்தான் செய்யும். உரிந்த இடத்தின் வழியாகப் பூச்சுக்கு அடியில் இறங்கிய தண்ணீர், மேலே ஆவியாகிப் போக வழியில்லாமல், முன்பைவிட அதிகமாகக் கீழே கசியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சுவிட்சைக் கவனியுங்கள். அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை இன்றே நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனை வரவழைத்துச் சுவரில் செல்லும் பைப்புக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.

இனி குழாய்க்கு வருகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் உங்களுக்கு அடுத்திருக்கும் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, அந்தக் கணக்குப்படி உங்கள் மாடியில் மட்டும் விழுந்த தண்ணீர் 45,000 லிட்டருக்கு மேல். அவ்வளவும் அந்த இரண்டு குழாய்களின் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழையில் ஒரு நான்கு அங்குலக் குழாய் சுமார் 85 சதுர மீட்டர் பரப்பின் தண்ணீரை இறக்கும். மழையின் வேகம் இரட்டிப்பானால் அந்தப் பரப்பு பாதியாகிவிடும். அதாவது, இரண்டு குழாய்களும் முழுதாகத் திறந்திருந்தால் பெருமழையையும் ஏறக்குறைய சமாளிக்கும் அளவுக்கு உங்கள் தந்தையார் கட்டியிருக்கிறார். ஒன்று அடைத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். நீங்கள் கண்ட கணுக்கால் அளவுத் தண்ணீரைப் பத்து செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அன்று காலை உங்கள் தளம் தாங்கி நின்ற கூடுதல் பாரம் ஒன்பது டன்னுக்கு மேல்.

தேங்கிய தண்ணீர் தட்டோட்டு இடுக்குகளில் இறங்கி, அதன் அடியில் செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்து போட்டிருக்கும் சுருக்கியை நனைத்து, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை நெம்பித் தள்ளும். பழைய வீடுகளில் கூரைப் பூச்சு பாளம்பாளமாகப் பெயர்ந்து விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இவ்வளவுக்கும் தொடக்கம் என்னவென்று பார்த்தால் ஒரே ஓர் இலையாகவும் இருக்கலாம். வாதுமை இலை உள்ளங்கையைவிடப் பெரியது. குழாய் வாயில் தட்டையான வலைமூடி போட்டிருந்தால், நனைந்த இலை ஒன்று அதன்மேல் தட்டுப்போல ஒட்டிக்கொள்ளும். மேலே நிற்கும் தண்ணீரின் எடையே அதை இன்னும் அழுத்திப் பிடிக்கும். பிறகு மண்ணும் சருகும் சேர்ந்துகொண்டால் ஒரு சொட்டுக்கூட இறங்காது. கவிழ்த்த கிண்ணம்போல் மேல்நோக்கிக் குவிந்த மூடி கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டினால் உச்சியில் இலை படிந்தாலும் பக்கத் துளைகளின் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

சுத்தம் செய்யும்போது பெரும்பாலோர் ஒரு தவறு செய்கிறார்கள்: மாடியைப் பெருக்கி, குப்பையைக் குழாய் வாய்க்குள்ளேயே தள்ளித் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். மாடி பளிச்சென்று இருக்கும். அடைப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாத கீழ் வளைவுக்கு இடம் மாறியிருக்கும். முதலில் இரண்டு வாய்களையும் பழைய துணியால் இறுக அடைத்துவிடுங்கள். காய்ந்த நிலையிலேயே ஈர்க்குமாறால் பெருக்கி, மூலையில் இறுகிப்போன மண்ணைக் கொத்துக்கரண்டியால் சுரண்டிச் சாக்கில் அள்ளுங்கள். கையுறை அவசியம், ஏனென்றால் ஈரச் சருகுக்கடியில் பூரானும் தேளும் குடியிருக்கும். பிறகு துணியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் தனித்தனியாக இரண்டு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள்; கீழே ஒருவர் நின்று, ஊற்றிய வேகத்திலேயே தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். தயங்கித் தயங்கி வந்தாலோ, மேலே கொப்பளித்து நின்றாலோ, அடைப்பு கீழே இருக்கிறது. அப்போது மேலிருந்து கம்பியால் குத்தாமல், அடி வளைவைக் கழற்றிப் பாருங்கள். பழைய பி.வி.சி. குழாய் வெயிலில் காய்ந்து நொறுங்கும் பதத்தில் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆடிக் காற்று கொண்டுவந்த மண்ணெல்லாம் படிந்து முடிந்த பிறகு, புரட்டாசியில் முழுச் சுத்தம் செய்துவிடுங்கள். வாதுமை மரம் பக்கத்தில் இருப்பதால் ஐப்பசியும் கார்த்திகையும் முடியும் வரை வாரம் ஒருமுறை மாடிக்குப் போய் வாய்களை மட்டுமாவது பார்ப்பது நல்லது. புயல் அறிவிப்பு வந்தால் அன்றே போய்விட வேண்டும். உங்கள் குழாய் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறதென்றால் தொட்டியின் மேல்மணலையும் அள்ளிக் கழுவிப் போடுங்கள். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது அவசரமாகத் தோண்டிய தொட்டிகள் பலவற்றை அதன்பின் யாரும் திறந்து பார்க்கவே இல்லை. தொட்டி தூர்ந்துபோனால் குழாயும் சேர்ந்து நிரம்பும்.

வடமராட்சி முற்றம்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீடு ஓட்டு வீடு. ஓட்டு விளிம்பில் மாட்டியிருக்கும் தண்ணீர் வாய்க்காலை நாங்கள் பீலி என்போம். எங்களுக்கும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான் மாரி. ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பீலியில் அடைப்பு இருந்தால் சுவர் நனைவது மட்டுமல்ல, அதில் நிற்கும் தெளிந்த நீரில் டெங்கு நுளம்பும் (கொசு) பெருகும். முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தண்ணீரை வடித்துவிட்டால் மட்டும் போதாது, பீலியின் உட்புறத்தைத் தும்புத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

2017-இல் இலங்கையில் 1,86,000-க்கும் அதிகமானோருக்கு டெங்கு பதிவானது. என் தங்கையின் மகனும் அவர்களில் ஒருவன். எங்கள் வீட்டுக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றடியையும் பூச்சாடிகளையும் பார்த்துவிட்டு, ஏணி கேட்டு வாங்கிப் பீலிக்குள் எட்டிப் பார்த்தார். நாங்கள் அதுவரை எட்டிப் பார்க்காத இடம் அது. நடுவில் ஒரு கொக்கி தளர்ந்து பீலி தொய்ந்திருந்தது. அந்த ஒரு சாண் பள்ளத்தில் பலாச் சருகுக்கிடையே கூத்தாடிகள் (நுளம்புப் புழுக்கள்) நெளிந்துகொண்டிருந்தன. குப்பையே இல்லாவிட்டாலும் தொய்வு இருந்தால் தண்ணீர் நிற்கும் என்பதை அன்றுதான் கண்டோம். இப்போது ஆண்டுதோறும் புரட்டாதியில் கொக்கிகளையும் சேர்த்துச் சரிபார்க்கிறோம்.

குமரிமழை:

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் ஒன்று என இரண்டு இருப்பதால், வைகாசிக்கு முன் ஒருமுறையும் புரட்டாசியில் ஒருமுறையும் நாங்கள் சுத்தம் செய்கிறோம். மேலே ஏறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மீது எக்காரணம் கொண்டும் கால் வைக்காதீர்கள். வெயிலில் பழசான தகடு மனித எடையைத் தாங்காது. எங்கள் ஊரில் ஒருவர் அப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்திருந்தார். ஏணியின் அடியை ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் ஏறவும் வேண்டாம்.

குரோம்பேட்டைவாசி:

அனைவருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியன் வந்து நனைந்திருந்த ஒயரை மாற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நானும் மகனுமாக மாடியைச் சுத்தம் செய்தோம். மூன்று சாக்கு மண்ணும் இலையும் வந்தன. வடக்குக் குழாயில் ஊற்றிய தண்ணீர் உடனே இறங்கியது. தெற்குக் குழாயில் ஊற்றியது அப்படியே மேலே ஏறி நின்றது. கீழே போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது: இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாசலுக்குச் சிமெண்ட் கல் பதித்தபோது, வேலை செய்தவர்கள் குழாயின் அடிவாயைப் பாதிக்கு மேல் கல்லால் மூடிவிட்டிருக்கிறார்கள். நானும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கவனிக்கவில்லை. கல்லைப் பெயர்த்து வளைவைக் கழற்றியபோது கறுத்த சேறு ஒரு முழ நீளத்துக்குக் குழாயின் வடிவத்திலேயே வெளியே வந்து விழுந்தது. அதற்குள் என் மகன் சிறுவனாக இருந்தபோது தொலைத்த ரப்பர் பந்தும் இருந்தது.

நேற்று இரண்டு மணி நேரம் நல்ல மழை. மழை விட்டுக் கால் மணி நேரத்தில் மாடியில் தண்ணீர் இல்லை. படுக்கையறைக் கூரையில் பழைய ஈரக் கறை மட்டும் இருக்கிறது. அதன்மேல் இப்போதே பெயிண்ட் அடிக்கலாமா? தெற்கு வாய்க்குப் பக்கத்தில் கைப்பிடிச்சுவர் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது; அதைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

சுண்ணாம்புச்சாந்து:

மிக்க மகிழ்ச்சி ஐயா. பெயிண்ட் இப்போது வேண்டாம். இந்த மழைக்காலம் முழுவதும் கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டி ஈரம் பரவவில்லை என்றால் புதிய கசிவு இல்லை என்று கொள்ளலாம். தை, மாசியில் கூரை நன்றாகக் காய்ந்த பிறகு கொப்பளித்த பூச்சைச் சுரண்டித் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம்போல் ஒலித்தால் அந்த இடத்தை உடைத்துக் கம்பியைப் பார்க்க வேண்டும். மேலே தட்டோட்டு இடுக்குகளை அடைக்கும் வேலையையும் அந்த வெயிலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 80,000 ரூபாய்ப் பூச்சு தேவையா என்பதை அதன்பிறகு முடிவு செய்யலாம்.

அரசங்கன்றைக் கையால் பிடுங்கினால் தண்டுதான் வரும், வேர் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். அந்த இடுக்கைக் கொத்தித் திறந்து வேரை முழுதும் எடுத்துவிட்டுச் சிமெண்ட் கலவையால் அடைத்துவிடுங்கள். கார்த்திகையில் வாரந்தோறும் வாய்களைப் பார்க்கப் போகும்போது, அங்கே மறுபடி தளிர் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.