நானோகுழாய் மின்முனை சிரட்டைக் கரியைவிடக் குறைவாக உப்பை எடுப்பது ஏன்?

உவர்க்கிணறு:
வணக்கம். முதுநிலைத் திட்டப் பணிக்காக மின்தேக்க அயனிநீக்கக் கலம் (மின்னழுத்தம் கொடுத்த இரு கார்பன் மின்முனைகளில் உப்பின் அயனிகளை ஒட்டவைத்து நீரிலிருந்து பிரிக்கும் அமைப்பு) ஒன்றைக் கட்டியிருக்கிறேன். பலசுவர்க் கார்பன் நானோகுழாய்த் (ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த நுண்ணிய கார்பன் குழாய்கள்) தூளைப் பிவிடிஎஃப் என்ற நெகிழிப் பிணைப்பியோடு குழைத்துக் கிராஃபைட் தாளில் பூசினேன். இரு மின்முனைகளிலும் சேர்த்துக் கார்பன் 1 கிராம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் சமையலுப்பு கரைத்த 100 மில்லிலிட்டர் நீரைச் சுற்றவிட்டு 1.2 வோல்ட் கொடுத்தால், மின்கடத்துமானி 1010 மைக்ரோசீமென்ஸிலிருந்து 940-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. அதாவது கிராமுக்கு ஏறக்குறைய 3.5 மில்லிகிராம் உப்புதான். அதே கலத்தில் கிளர்வூட்டிய தேங்காய்ச் சிரட்டைக் கரியை வைத்தபோது 830 வரை இறங்கியது. நானோகுழாய்க்குச் செலவான மின்னூட்டமோ 14 கூலும். குழாய்கள் நீரில் நனைய வேண்டுமென்று அனைத்தையும் நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்திருந்தேன். பிழை எங்கே?

கரித்துகள்:
பெரும்பகுதி பிழையே அன்று. உப்பு தங்குவது கார்பனின் பரப்பை ஒட்டி உருவாகும் மின்னிரட்டை அடுக்கில், அதாவது பரப்பிலுள்ள மின்னூட்டமும் அது இழுத்த எதிர்வகை அயனிகளும் எதிரெதிரே நிற்கும் மெல்லிய அடுக்கில். நல்ல கரியில் அப்பரப்பு கிராமுக்கு 1000 சதுர மீட்டரைத் தாண்டும், அதுவும் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்குக் குறைவான துளைகளில். ஒற்றைச்சுவர்க் குழாயின் வெளிப்பரப்பே கோட்பாட்டளவில் 1315 சதுர மீட்டர்தான். பலசுவர்க் குழாயிலோ உட்சுவர்களின் எடை நம் கணக்கில் ஏறுமே தவிர, அவற்றின் பரப்பை அயனி எட்டாது. குழாய்களுக்கு இடையிலுள்ள அகன்ற இடைவெளிகளால் அயனிகள் விரைந்து வந்து போகும் என்பதே அவற்றின் உண்மையான வலிமை. உங்கள் வளைகோடு சில நிமிடங்களிலேயே தட்டையாகிவிடுகிறதா என்று பாருங்கள்.

மின்னிரட்டை:
நண்பரே, எனக்கு உறுத்துவது அந்த 14 கூலும். 3.5 மில்லிகிராம் உப்புக்கு வேண்டியது 5.8 கூலும், ஆக, மின்னூட்டத் திறன் (செலவான மின்னூட்டத்தில் உப்பை எடுக்கப் பயன்பட்ட பங்கு) 41 சதவீதம். கரைந்த ஆக்சிஜன் எதிர்மின்முனையில் ஒடுக்கமடைவதால் கொஞ்சம் வீணாகும். ஆனால் அமிலக் கொதியலைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அது குழாய்ச் சுவரில் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதிகளை நட்டுப் பரப்பை எதிர்மின்னூட்டம் உடையதாக்குகிறது. சோடியத்தை இழுக்கும் எதிர்மின்முனைக்கு அது நல்லது; நேர்மின்முனையிலோ, வோல்ட் கொடுத்ததும் அங்கே ஏற்கெனவே ஒட்டியிருந்த சோடியம் முதலில் வெளியே தள்ளப்படும், அதன் பிறகே குளோரைடு உள்ளே வரும். மின்னூட்டம் செலவாகும், உப்பு குறையாது. நேர்ப்பக்கம் அமிலம் படாத குழாயை வைத்துப் பாருங்கள். பிணைப்பியையும் குறையுங்கள், பிவிடிஎஃப் நீரை விரும்பாது.

உவர்க்கிணறு:
மிக்க நன்றி. நேர்ப்பக்கத்தை மாற்றியதும் 905 வரை இறங்கியது. இதே முறையில் கடல்நீரை முயலலாமா?

கரித்துகள்:
வேண்டாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு; கிராமுக்கு 10 மில்லிகிராம் எடுக்கும் நல்ல கரியை வைத்தாலும், ஒரு லிட்டரை ஒரே சுற்றில் நன்னீராக்க மூன்றரைக் கிலோ கரி வேண்டும். அது ஆர்ஓ சவ்வின் வேலை. 2000 டிடிஎஸ் காட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரை 500-க்குக் கொண்டுவர லிட்டருக்கு 150 கிராம் கரி போதும். இந்த முறைக்கு ஏற்ற நீர் அதுதான். கரியின் மேல் அயனிப்பரிமாற்றச் சவ்வையும் (ஒருவகை மின்னூட்டம் கொண்ட அயனிகளை மட்டும் பெரும்பாலும் கடக்கவிடும் சவ்வு) வைத்தால், மின்னிரட்டை சொன்ன வீணாக்கம் பெருமளவு குறையும்.

மின்னிரட்டை:
குழாய்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிரட்டைக் கரியோடு சில சதவீதம் கலந்தால், துகளுக்குத் துகள் மின்சாரத்தைக் கடத்தும் கம்பிகளாக அவை உதவும். ஆனால் குடிநீருக்கென்றால், குழாய் வளர்க்கப் பயன்பட்ட இரும்பு, கோபால்ட், நிக்கல் மிச்சம் நீரில் கரைந்து வருகிறதா என்று முதலில் சோதியுங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை கலத்திலிருந்து வெளிவந்த நீர் இளமஞ்சளாக இருந்தது; வாங்கிய தூளைக் கழுவாமலே பூசியிருந்தோம்.