மங்கிப்போகும் டீன் ஜோன்ஸ் கையெழுத்து: லேமினேட் செய்யலாமா?

கேள்வி: 1986 செப்டம்பர், சேப்பாக்கம் டை டெஸ்ட் (இரு அணியும் சம ரன்னில் முடித்த கிரிக்கெட் ஆட்டம்). அதில் 210 ரன் அடித்த ஆஸ்திரேலிய வீரர் டீன் ஜோன்ஸிடம் கடைசி நாள் அப்பா எனக்காக வாங்கிய கையெழுத்து. நாற்பது பக்க ரூல்டு நோட்டுத் தாள், நீல மை. இருபது வருடமாக ஹாலில், ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். இப்போது முதல் எழுத்தின் சுழி மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது. லேமினேட் செய்யலாமா? மேலே பேனாவால் எழுதலாமா?

பதில் 1: ரெண்டும் வேண்டாம் அண்ணா! லேமினேஷன் சூட்டில் ஒட்டிய பசையைப் பிறகு எடுக்கவே முடியாது. மேலே எழுதினால் அது உங்கள் கையெழுத்து, அவருடையது அல்ல.

பதில் 2: வெளிச்சம்தான் மையைத் தின்கிறது. முதலில் சுவரிலிருந்து இறக்குங்கள். ஸ்கேன் எடுத்து அந்த நகலை மாட்டுங்கள். அசலை அமிலமில்லாத அட்டையோடு பாலியெஸ்டர் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். பிவிசி உறை மட்டும் ஆகாது, நாளடைவில் தாளைக் கெடுத்துவிடும்.

கேட்டவர்: இறக்கிவிட்டேன். பிரேமின் மரச்சட்டம் மறைத்திருந்த ஓரத்தில், கடைசி எழுத்தின் வால் இன்னும் அன்றைய நீலத்திலேயே இருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாளைக்கே ஸ்கேன்.