விழுந்தவன் எழுந்தால் அபராதமா? ஒரு ஹீலிங் பஞ்சாயத்து

கோத்தகிரி டிஎம்:
ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். கதையை நடத்தும் டிஎம் நான். மூன்றாம் லெவல் ஆட்கள், எதிரே இரண்டு ஓகர், தடி ஏந்திய அரக்கர்கள். கரண்ட் போய் மெழுகுவர்த்தி வெளிச்சம், ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், ஆட்டத்துக்கென்றே அமைந்த மாதிரி ஒரு ராத்திரி. ஆனால் எங்கள் ஃபைட்டர் (வாள்வீரன்) ஒரே சண்டையில் உயிர்ப்புள்ளி பூஜ்யமாகி நான்கு முறை விழுந்து, நான்கு முறையும் எழுந்தான். க்ளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) 60 அடி தள்ளி நின்று 'ஹீலிங் வேர்ட்' மந்திரம் சொன்னால் போதும், துள்ளி எழுவான். மூன்றாம் தடவை எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாவுக்குச் சிரிப்பு வந்தால் அப்புறம் என்ன கதை? இனி பூஜ்யத்திலிருந்து எழுப்பினால் ஒரு லெவல் எக்ஸாஷன் (களைப்பு). இதுதான் எங்கள் மேசைக்கு மட்டுமான ஹவுஸ் ரூல்.

குன்னூர் க்ளெரிக்:
அண்ணா, அந்த க்ளெரிக் நான்தான். ஓகரின் தடியடி 2டி8+4, அதாவது எட்டுமுகப் பகடை இரண்டின் கூட்டுத்தொகையோடு 4, சராசரி 13. என் ஹீலிங் வேர்ட் 1டி4+3, சராசரி ஐந்தரை. அவன் நிற்கும்போதே கொடுத்தால் அடுத்த அடியில் கரைந்துவிடும். விழுந்த பிறகு கொடுத்தால், ஒரே அடியில் சாகிற அளவுக்கு மிஞ்சாத வரை, பூஜ்யத்துக்குக் கீழே போனது கணக்கிலேயே இல்லை. விழட்டும் என்று காத்திருக்கச் சொல்வது விதிதான், நான் இல்லை. உங்கள் ரூல்படி மூன்றாம் தடவை எழுந்தவனுக்கு ஒவ்வொரு வீச்சிலும் டிஸ்அட்வான்டேஜ், இரு முறை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். ஓர் இரவு தூங்கினாலும் ஒரு லெவல்தான் குறையும். முன்னால் நின்று அடி வாங்குகிறவனுக்கு அபராதம், தூண் மறைவில் நிற்கிற மந்திரவாதி விஸார்டுக்கு ஒன்றுமில்லை. நல்ல நியாயம்!

கோத்தகிரி டிஎம்:
தம்பி, நீ ஒரே ஒரு முறை தாமதித்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஃபைட்டர் டெத் சேவ் உருட்டினான், விழுந்தவன் பிழைப்பானா என்று பார்க்கும் பகடை, மூன்று தோல்வி என்றால் சாவு. பகடை ஓடிப்போய் வர்க்கித் தட்டில் நின்றது. 1. இரண்டு தோல்வி. அப்போதுதான் மேசையில் பேச்சு நின்றது. எனக்கு அந்த அமைதி வேண்டும்.

ஊட்டிப் பகடை:
இடையில் நுழைகிறேன். பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் எழுந்தவனுக்கு 'வூண்டட் 1' (காயம்) ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை டையிங் (சாவு நெருங்கும் அளவு) 1க்குப் பதில் 2இல் விழுவான். 4 வந்தால் ஆள் காலி. நிற்கும்வரை அவன் வாள் வீச்சில் குறை இருக்காது, அடுத்த விழுகைதான் பயம். உங்கள் ஆட்டத்தில், எழுந்தாலும் டெத் சேவ் தோல்விகளை அழிக்காமல் லாங் ரெஸ்ட் (இரவு ஓய்வு) வரை வைத்துப் பாருங்கள். 1882இல் ஸ்னூக்கருக்கே விதி எழுதி மாட்டிய நம் ஊட்டி மலை, இது ஒரு வரிதானே!

குன்னூர் க்ளெரிக்:
இதற்கு நான் தயார். ஆனால் 2024 திருத்தத்தின் எண்களும் வேண்டும். ஹீலிங் வேர்ட் 2டி4+3, க்யூர் வூண்ட்ஸ் என்ற இன்னொரு குணப்படுத்தும் மந்திரம் 2டி8+3. பின்னதில் எனக்குச் சராசரி 12. ஓகரின் ஓர் அடிக்கு ஏறக்குறைய ஈடு. நிற்கும்போதே கொடுக்க மனசு வரும்.

கோத்தகிரி டிஎம்:
க்யூர் வூண்ட்ஸ் மட்டும் தருகிறேன். அது தொட்டால்தான் பலிக்கும். 60 அடி தூரத்தை விட்டு ஓகர் பக்கத்தில் வா.

குன்னூர் க்ளெரிக்:
வருகிறேன். நான் விழுந்தால் யார் எழுப்புவது?

கோத்தகிரி டிஎம்:
ஃபைட்டர் கையில் ஒரு ஹீலிங் போஷன் (குணமாக்கும் மருந்துக் குப்பி) வாங்கிக் கொடு. 50 பொன்தான்.

குன்னூர் க்ளெரிக்:
அந்த ஊர்க் கடையைத்தான் போன வாரம் நீங்கள் எரித்துவிட்டீர்களே. மேசையில் இருப்பது நீலகிரித் தைலத்தின் காலிக் குப்பி மட்டும்தான்.