கனகராயன் ஆற்றின் பழைய ஒரு அங்குல வரைபடம்: எந்தக் காலத்தது?

கேள்வி:
அம்மப்பாவின் தகரப் பெட்டியில், துணியில் ஒட்டி எட்டாக மடித்த நிலஅளவைத் திணைக்கள வரைபடத் தாள் ஒன்று கிடைத்தது. மாங்குளத்துக்குக் கிழக்கே தொடங்கி இரணைமடுக் குளம் வரை கனகராயன் ஆறு அதில் நீல மையில் ஓடுகிறது. ஆண்டு அச்சிட்டிருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. எங்கள் பழைய வயலை அண்டிய, இன்று காடு மூடிய சிறுகுளம் ஒன்றின் கட்டு அதில் முறிகோடாகத் தெரிகிறது. தாளின் காலத்தை எப்படி அறிவது? அந்தக் கட்டை நிலத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுமொழி 1:
ஆண்டு போனாலும் தாளே காலத்தைச் சொல்லும். வடக்கு ரயில்பாதை 1905இல் முழுமையடைந்தது. அது இருந்தால் தாள் அதற்குப் பிந்தியது. இரணைமடுவின் வேலை 1902இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்ததால், அணைக்கட்டு வரையப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் காட்டப்பட்டிருந்தால், தனி மாவட்டமான 1984க்கு முன் வரைந்தது.

மறுமொழி 2:
தாளை மடிப்பு நீங்க விரித்து ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் மென்பொருளில் இன்றைய செய்மதிப் படத்தோடு பொருத்துங்கள். ஒரு மைலுக்கு ஒரு அங்குலம், அதாவது 1:63,360 அளவு என்பதால் தாளில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலே நிலத்தில் 63 மீற்றர் விலகும். ஆற்று வளைவுகளைப் பொருத்துப் புள்ளிகளாக எடுக்கவே வேண்டாம். வெள்ளத்துக்கு வெள்ளம் ஆறு கரை மாறும். இரணைமடுவின் நீர்விளிம்பும் உதவாது, கட்டைப் பின்னாளில் உயர்த்தியபோது அலைகரையும் விரிந்துவிட்டது. பழைய குளங்களின் துருசு (நீர் திறந்துவிடும் மதகு), கட்டின் இரு முனைகள், ரயில் பாலங்கள் ஆகியவையே அசையாதவை. தட்டையான வன்னியில் சமவுயரக் கோடுகள் மிகக் குறைவு என்பதால் குளக்கட்டுகள்தான் நமக்கு அடையாளக் கற்கள்.

மறுமொழி 3:
கிழிந்த மடிப்பில் செலோடேப் ஒட்டாதீர்கள், லமினேற்றும் செய்யாதீர்கள். பசை காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கிவிடும். காட்டுக்குள் போகுமுன் கண்ணிவெடி அகற்றிய நிலமா என்று கிராம அலுவலரிடம் கட்டாயம் உறுதிசெய்யுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ரயில்பாதையும் இரணைமடு அணைக்கட்டும் இருக்கின்றன. கிளிநொச்சியும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான். துருசுகளை வைத்துப் பொருத்தியபோது, அந்த முறிகோடு செய்மதிப் படத்தில் நேராக நிற்கும் மருதமர வரிசையின் மேல் வந்து அமர்ந்தது. கிராம அலுவலரைக் கேட்டுக்கொண்டு, மாரிக்கு முன்னர் மாமாவுடன் போய்ப் பார்க்கிறேன்.