பிரமிடு கேட்டால் கருவாடு அனுப்புகிறான்

கவிதா: அண்ணா, நீ கெய்ரோ போய் ஏழு மாசம் ஆகிறது, பிரமிடு முன்னால் நின்று ஒரு போட்டோ இல்லை. இன்றைக்குக் கருவாடு, அதுவும் மூன்று படம்!

செல்வம்: கருவாடு இல்லை, ஃபெசீக். நம்ம மடவை மீன்தான், வெயிலில் உப்பவிட்டு அப்புறம் வாரக்கணக்கில் உப்பில் ஊறப்போட்டது. இன்று ஷம் எல்-நசீம் என்ற வசந்தப் பண்டிகை, நாடு முழுக்க லீவு. விடியும் முன்பே பக்கத்து வீட்டார் வெங்காயத்தாள், சாயம் பூசிய முட்டை, பாய் எல்லாம் கட்டிக்கொண்டு என்னையும் நைல் கரைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தின்றேன்.

வள்ளி அத்தை: வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

செல்வம்: இல்லை அத்தை. சரியாகப் பதப்படுத்தாவிட்டால் விஷமாகும், ஆளே போனதுண்டு. சுகாதார அமைச்சகம் வருஷாவருஷம் வேண்டாம் என்கிறது, சனம் கேட்டால்தானே.

முருகேசன் சித்தப்பா: முஸ்லிம் பண்டிகையா, கிறிஸ்தவப் பண்டிகையா?

செல்வம்: இரண்டு பேருமே கொண்டாடுகிறார்கள். நாள் மட்டும் காப்டிக், அதாவது எகிப்துக் கிறிஸ்தவர்களின், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. பண்டிகைப் பெயருக்கு அரபியில் காற்று வாங்குவது என்று அர்த்தம் வரும், ஆனால் பாரோ காலத்து அறுவடைப் பருவத்தின் பெயர் ஷெமு, அதுதான் திரிந்து இப்படி ஆனது என்பார்கள்.

முருகேசன் சித்தப்பா: சுற்றுலாக்காரனுக்குச் சொல்கிற கதைப்பா இது. அவர்கள் எழுத்தைப் படிக்கவே ஆளில்லாமல் போய், பிரெஞ்சுக்காரன் வந்து படிக்க வேண்டியதாயிற்று. மிச்சம் கல்லும் மம்மியும்தான்.

செல்வம்: எழுத்து போனது உண்மைதான் சித்தப்பா. ஃபிலே கோயிலில் கி.பி. 394 ஆகஸ்ட் 24 தேதியிட்டு ஒன்று வெட்டியிருக்கிறார்கள், தேதி தெரிந்த சித்திர எழுத்தில் அதுதான் கடைசி. ஆனால் 1822இல் நீங்கள் சொன்ன பிரெஞ்சுக்காரர் ஷாம்போலியோனுக்கு, ஒரே செய்தியை எகிப்திய எழுத்திலும் கிரேக்கத்திலும் வெட்டிய ரொசெட்டா கல் மட்டும் போதவில்லை, காப்டிக் மொழி தெரிந்ததால்தான் பிடி கிடைத்தது. காப்டிக் வேறு எதுவும் இல்லை, அதே பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம், கிரேக்க எழுத்தோடு சில பழைய எழுத்தும் சேர்த்து எழுதியது. வீட்டுப் பேச்சு நின்றுவிட்டது, சர்ச் பூசையில் இன்றும் ஓதுகிறார்கள்.

எங்கள் டிரைவர் முஸ்லிம், ஊரில் கோதுமை வயல். விதைப்பு பற்றிக் கேட்டால் நவம்பர் என்று சொல்வதில்லை, ஹாத்தூர் என்கிறார். அது ஹாத்தோர் என்ற பசு தெய்வத்தின் பெயர்! அவருக்கு அது வெறும் மாசம், அவ்வளவுதான். அந்த நாள்காட்டியில் 30 நாளாகப் பன்னிரண்டு மாசம், மிச்சத்துக்கு 5 நாள், லீப் வருஷத்தில் மட்டும் 6, மற்றபடி பாரோ காலத்துக் கணக்குதான். பிப்ரவரியில் மணல்காற்று அடித்தபோது, “அம்ஷீர் மாசம் வந்தால் இப்படித்தான், புயலுக்கெல்லாம் தகப்பன்” என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

வள்ளி அத்தை: நம்ம ஆடிக்காற்றில் அம்மி பறக்கிற மாதிரி.

முருகேசன் சித்தப்பா: சரி, டிரைவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மீன் கதை சந்தேகம்தான்.

வள்ளி அத்தை: செல்வம், அதைக் குழம்பு வைப்பார்களா, வறுப்பார்களா?

செல்வம்: இரண்டும் இல்லை அத்தை, பச்சையாகத்தான். எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு.

வள்ளி அத்தை: ஐயையோ. கழுவவாவது செய்வார்களா?