கோட்டைச் சுவரில் உங்கள் முகம் வந்ததா?

மாமரத்தடி எழுதியது:

2011, 2012 வாக்கில் ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் கேளிக்கைப் பூங்காவுக்குப் போனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அன்றைக்குப் பூங்காவுக்கு வந்தவர்களின் புகைப்படங்களையே இரவில் சிண்ட்ரெல்லா கோட்டையின் மேல் ஒளியாகப் பாய்ச்சிக் காட்டுவார்களே, அந்தக் காட்சியைப் பற்றித்தான் கேட்கிறேன். ‘தி மேஜிக், தி மெமரீஸ் அண்ட் யூ’ என்று பெயர். பத்து நிமிடம்தான் ஓடும். அந்தப் பத்து நிமிடத்துக்காக என் அம்மா இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

2011 ஜூலை. அட்லாண்டாவிலிருந்து காரில் போயிருந்தோம். பட்டுப்புடவைதான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்த அம்மாவை ஒருவழியாகச் சுங்குடிக்கு இறக்கியிருந்தோம். காலில் என் மனைவியின் கான்வாஸ் ஷூ. வாசலைத் தாண்டியதும் பூங்காவின் புகைப்படக்காரர் ஒருவர் எங்களை நிறுத்திப் படம் எடுத்தார். எடுத்துவிட்டு போட்டோபாஸ் அட்டை ஒன்றைக் கொடுத்தார். அதிலிருக்கும் எண்ணை வீட்டுக்குப் போய் இணையத்தில் போட்டால் படங்கள் வரும், பிடித்ததைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கிளம்பும்போது, “இன்று இரவு கோட்டையில் நீங்கள் வந்தாலும் வரலாம்” என்று சிரித்தார்.

ஒரு நாளைக்கு அதிகம் போனால் 500 படங்கள். அன்று உள்ளே இருந்த கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் அம்மாவிடம் நான் தமிழில் சொன்னபோது ‘வந்தாலும் வரலாம்’ எப்படியோ ‘வரும்’ ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

மாலையில் வழக்கமான ஃப்ளோரிடா மழை கொட்டித் தீர்த்தது. தரை காய்வதற்குள் அம்மா கோட்டைக்குப் போகும் மெயின் ஸ்ட்ரீட் தெருவில் துண்டை விரித்துவிட்டார். தேரோட்டத்துக்கு இடம் பிடித்துப் பழகியவர். அவரைத் தாண்டி முன்னால் போய் நிற்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. விளக்கு ஊர்வலம் போனது. “சப்பரம் நன்றாக இருக்கிறது, சாமியைத்தான் காணோம்” என்றார்.

பிறகு கோட்டை இருண்டது. சுவரில் கொடி படர்ந்தது, நடுக்கோபுரம் ராக்கெட்டாகிக் கிளம்பியது. இடையிடையே முகங்கள். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு முகம் இரண்டு விநாடி நின்றிருந்தால் அதிகம். நான் ஒன்று விடாமல் பார்த்தேன். நாங்கள் வரவில்லை. முடிந்ததும் என்ன சமாதானம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே திரும்பினால், அம்மா முகமெல்லாம் சிரிப்பு. “வந்தோமே! வலது பக்கம், மேலே. நீ பார்க்கவில்லையா?”

ஐந்து வயது மகன் உடனே, “ஆமாம் பாட்டி, நானும் பார்த்தேன்” என்றான்.

உங்களில் யாருக்காவது உண்மையிலேயே வந்ததா?

பவழமல்லி எழுதியது:

எனக்கு வந்தது. வந்திருக்கவே வேண்டாம்.

நான் பார்த்தது கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில். அங்கே கோட்டையில் காட்டவில்லை. ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகுச் சவாரியின் முகப்பில் காட்டினார்கள். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து, 1966இல் அங்கே கொண்டுவந்த சவாரி. வெள்ளையும் பொன்னுமாக அகன்ற முகப்பு, நடுவில் சிரித்த முகத்தோடு தலையாட்டும் கடிகாரம். படம் காட்டவென்றே கட்டியதுபோல் இருக்கும். கோட்டைபோல் வளைவு, நெளிவு அதிகம் இல்லாததால் முகங்கள் பளிச்சென்று விழும்.

அந்தப் பளிச்தான் எனக்கு வினையாயிற்று. வேலைநாள். காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்திருந்தேன். தலையில் எலிக்காது, வாயில் பாதி சுரோஸ், இரண்டு மாடி உயரத்துக்கு என் முகம். என் கணவர் கைதட்டி முடிப்பதற்குள் கைப்பேசியில் குறுஞ்செய்தி: “காய்ச்சல் இறங்கிவிட்டதா?” எங்கள் பிரிவு மேலாளர் குழந்தைகளோடு பத்து வரிசை பின்னால் நின்றிருக்கிறார்.

அவரும் அன்று காய்ச்சல் என்றுதான் விடுப்பு எடுத்திருந்தார் என்பது திங்கட்கிழமை தெரிந்தது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

திருகாணி எழுதியது:

மேடை நிகழ்ச்சிகளுக்குப் புரொஜெக்டர் கட்டிப் பிழைப்பவன் நான். தொழில் புத்தியோடுதான் போனேன், ஆகவே முகங்களைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தேன்.

அந்தக் கோட்டை 189 அடி. பார்த்தால் இன்னும் உயரமாகத் தெரியும், காரணம் மேலே போகப் போக ஜன்னலையும் கல்லையும் சிறிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். கல் என்றேன், உண்மையில் கல்லே கிடையாது. இரும்பும் கான்கிரீட்டும் கண்ணாடி இழையும். வெள்ளைத் திரையில் படம் காட்டுவது யாருக்கும் கைவரும். உருண்டைக் கோபுரத்தில் ஒரு முகத்தைக் கோணாமல் நிறுத்துவதுதான் வித்தை. சுவரின் அளவை முன்கூட்டியே எடுத்து, அந்த வளைவுக்கு எதிர்வளைவாகப் படத்தை வளைத்து அனுப்பினால்தான் பார்ப்பவர் கண்ணுக்கு நேராக நிற்கும். ராக்கெட்டும் கொடியும் என்றும் ஒன்றே, ஒருமுறை செய்தால் போதும். புகைப்படமோ தினமும் மாறும். காலையில் எடுத்ததை இரவுக்குள் பொறுக்கி, சட்டத்தில் பொருத்தி, ஓடவிட வேண்டும். கூட்டம் முழுக்க ஆவென்று பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே யாருக்கோ தினமும் வயிற்றில் புளி கரைந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

உருவத்தின் மேல் உருவத்தைப் பாய்ச்சுவது அவர்களுக்குப் பழைய கலைதான். 1969இல் டிஸ்னிலேண்டில் திறந்த ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய்வீட்டுச் சவாரியில் ஐந்து மார்பளவுச் சிலைகள் பாடும். பாடகர்களின் முகத்தைப் படமெடுத்து, வெறும் சிலை மேல் பாய்ச்சியிருப்பார்கள். போனால் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்; நிற்க முடியாது, வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், கழுத்தையாவது திருப்புங்கள்.

2012 செப்டம்பரில் அந்தக் கோட்டைக் காட்சியை நிறுத்திவிட்டார்கள். நவம்பரில் அதற்குப் பதிலாக ‘செலிப்ரேட் தி மேஜிக்’ என்ற காட்சி வந்தது. அதையும் பார்த்தேன். வேலைப்பாடு பல மடங்கு உசத்தி, ஆனால் கோட்டை முழுக்க திரைப்படக் கதாபாத்திரங்களின் ஆட்சி. முந்தையதில் கூட்டம் இங்குமங்கும் எக்கி எக்கித் தேடிக்கொண்டிருந்தது. இதில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தபடி நின்றார்கள். எனக்கு முதலாவதுதான் பிடித்தது.

கொத்தமல்லிக்கட்டு எழுதியது:

எங்கள் படமும் வந்ததாம். நான் குனிந்து கேமராவில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்த ஒரு பெரியவர் தோளைத் தட்டி மேலே கை காட்டினார், ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். நிமிர்ந்தபோது வேறு யாரோ இருந்தார்கள். எங்கள் குழந்தை அந்தப் படத்தில் அழுதுகொண்டிருந்ததாம். அவர் தன் கண்ணுக்குக் கீழே விரலால் கோடு இழுத்துக் காட்டியதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

மாமரத்தடி, நீங்கள் கோட்டையைப் படம் எடுத்தீர்கள்தானே? வலது பக்கம் மேலே யார் இருந்தார்கள்?

மாமரத்தடி எழுதியது:

எடுத்தேன். கை ஆடியதில் கொஞ்சம் கலங்கல். வலது பக்கம் மேலே, சிவப்பு மேற்சட்டை போட்ட ஒரு பாட்டி, மெக்ஸிகோவோ பெருவோ தெரியவில்லை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பையன். என் மகனிடம் தொப்பியே கிடையாது.

அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஊரில் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி மேல் ஏறி விரல் வைத்துக் காட்டுவார். இப்போது ஏற முடிவதில்லை, ஒட்டடைக் குச்சியால் காட்டுகிறார். போன பொங்கலுக்கு நான் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு அத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “புடவை எங்கே அக்கா?” என்று கேட்டார்.

“வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது” என்றேன், அம்மா வாய் திறப்பதற்குள்.