பெரியப்பாவின் பிபிசி மைக்ரோவில் புகை வந்தது, ஆனாலும் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. திறக்கலாமா?

கோவென்ட்ரி பேரன்:

வணக்கம். பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பிபிசி மைக்ரோவை, அதாவது 1980-களின் வீட்டுக் கணினியை, இறக்கினோம். மாடல் பி, 32 கே நினைவகம். 1983-இல் 399 பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்தச் செலவைப் பெரியம்மா இன்னும் மன்னிக்கவில்லை. கடைசியாக எப்போது ஓடியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. இருபது வருடம் இருக்கும்.

ஒரு பழைய சின்ன டிவியில் மாட்டி, சேனல் 36-ஐத் தேடிப் பிடித்து, சுவிட்சைப் போட்டேன். "பூ... பீப்" என்று சத்தம். திரையில் கணினியின் பெயரும் 32 கே என்ற வரியும் வந்து நின்றன. பெரியப்பா கைதட்டினார். கால் மணி நேரம் நன்றாக ஓடியது. திடீரென்று இடது பக்கம் "பட்" என்று ஒரு வெடிப்பு, கெட்டியான வெள்ளைப் புகை, கருவாட்டைத் தீய்த்த மாதிரி நாற்றம். புகை அலாரம் அலறியது. வேடிக்கை என்னவென்றால், நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கும்வரை திரையில் எழுத்து அப்படியே நின்றது.

பெட்டி செத்துவிட்டதா? ஈயம் பற்றவைக்கத் தெரியும், ஆனால் மெயின்ஸ் கரண்டில் கை வைத்ததில்லை. பெரியப்பாவுக்கு 79 வயது. அவர் எழுதிய புரோகிராம் ஒன்று கேசட்டில் இருக்கிறது, அதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார்.

ஈயப்புகை:

சாகவில்லை, கவலை வேண்டாம். பிபிசி மைக்ரோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாள் இந்தப் புகையைப் பார்த்தே தீர வேண்டும். வெடித்தது பவர் சப்ளைக்குள் மெயின்ஸ் நுழையும் இடத்தில் உள்ள ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உறுப்பு. மஞ்சள் கண்ணாடிக் கட்டி மாதிரி இருக்கும். உள்ளே உலோகப் பூச்சுள்ள காகிதம், வெளியே ரெசின். வருடக்கணக்கில் அந்த ரெசின் வறண்ட கண்மாய் மண் மாதிரி வெடித்து, விரிசல் வழியாக ஈரம் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் கரண்ட் கொடுத்ததும் சூடேறி வெடிக்கும்.

அதற்குள்ள வேலை, பவர் சப்ளை கிளப்பும் இரைச்சலை வீட்டு ஒயரிங்குக்குத் திரும்பப் போகவிடாமல் தடுப்பது மட்டும்தான். கம்ப்யூட்டர் ஓட அது தேவையில்லை. அதனால்தான் புகைக்கு நடுவிலும் எழுத்து நின்றது.

இனி மாற்றாமல் சுவிட்ச் போடாதீர்கள். மாற்ற வேண்டியவை மூன்று: 100 நானோஃபாரட் ஒன்று, 10 நானோஃபாரட் ஒன்று, இரண்டும் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி. வெடிக்காததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அது அடுத்த வாரம் வெடிக்கும். மூன்றாவது 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக். அது காய்ந்துபோனால் பவர் சப்ளை கிளம்பாமல் முரண்டு பிடிக்கும். எக்ஸ்2-க்குப் பதில் டிராயரில் கிடக்கும் ஏதோ ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். மெயின்ஸின் இரண்டு கம்பிக்கும் குறுக்கே உட்காரும் பொருள் இது. கெட்டாலும் தீப்பிடிக்காத மாதிரி செய்யப்பட்டதுதான் எக்ஸ்2.

முக்கியமான விஷயம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் விட்டு, திறந்ததும் மல்டிமீட்டரால் அளந்துவிட்டே கை வையுங்கள்.

புதுசுதான் மேல்:

இவ்வளவு பாடு எதற்கு? ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினியில் எமுலேட்டர், அதாவது பழைய கணினி மாதிரி நடிக்கும் மென்பொருள், போட்டால் அதே திரை, அதே பேசிக் புரோகிராம் மொழி. புகையும் வராது.

திருச்சி வாத்தியார்:

அதே திரை வரும், அந்த விசைப்பலகை வருமா? 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது இந்த பிபிசி மைக்ரோதான். எங்கள் பள்ளியில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஒரு பெட்டிக்கு நாலு பேர். மேல் வரிசையில் சிவப்பு விசைகள் பத்து. அதை யார் அமுக்குவது என்று அடிதடியே நடந்திருக்கிறது. நாற்பது வருடப் பிள்ளைகளின் குத்தைத் தாங்கிய விசைப்பலகைகள் இன்றும் வேலை செய்கின்றன. நான் போன வருடம் வாங்கிய மடிக்கணினியில் "ஈ" விசை இப்போதே சிக்குகிறது.

ராஸ்பெர்ரி பை என்கிறீர்களே, அதன் மூளையான ஆர்ம் சிப்பும் இந்தப் பெட்டியின் வயிற்றில் பிறந்ததுதான். கேம்பிரிட்ஜில் இந்தப் பெட்டியைச் செய்த ஏக்கார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தபோது ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். பாட்டி வீட்டில் இருக்கும்போது பேத்தியைக் கூப்பிட்டுப் பாட்டி மாதிரி நடிக்கச் சொல்வானேன்?

கோவென்ட்ரி பேரன்:

எல்லாருக்கும் நன்றி. மூடியில் "ஃபிக்ஸ்" என்று குறித்த நான்கு திருகுகளைக் கழற்றினால் திறந்துவிடுகிறது. கழற்றுகிறவனுக்காக யோசித்துச் செய்திருக்கிறார்கள். வெடித்த கெப்பாசிட்டர் பாதி கரிக்கட்டை. ஈயப்புகை அண்ணன் சொன்னது சரி, பக்கத்தில் இருந்ததும் முழுக்க விரிசல். மூன்றையும் மாற்றிவிட்டேன். போர்டோடு சேராமல் அளந்தால் நம்ப முடியாதே என்று, மாட்டியே அளந்தேன். 5 வோல்ட் சரியாக வருகிறது.

ஆனால் இப்போது புதுத் தலைவலி. சுவிட்ச் போட்டால் "பூ" என்ற சத்தம் மட்டும் நிற்காமல் வருகிறது. "பீப்" இல்லை, திரையிலும் ஒன்றும் இல்லை. நான்தான் எதையோ கெடுத்துவிட்டேனா? பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் டீ போடப் போய்விட்டார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஹாரோ தம்பி:

அண்ணை, பயப்படாதீங்கோ. எனக்கும் இதே நடந்தது. அந்த "பூ" சத்தத்தைக் கம்ப்யூட்டர் போடுவதில்லை. கரண்ட் வந்தவுடன் ஒலிச் சிப் தன்பாட்டில் கத்தத் தொடங்கும். பிராசசர் எழும்பி, ரோம் என்ற அழியாத நினைவகச் சிப்பில் உள்ள இயக்க முறைமையைப் படித்து, "சத்தம் போடாதே" என்று அதை அடக்கிவிட்டுத்தான் "பீப்" அடிக்கும். ஆகவே கத்தல் நிற்கவில்லை என்றால் பிராசசர் ஓடவில்லை, இல்லாவிட்டால் அதற்கு ரோமைப் படிக்க முடியவில்லை.

போர்டை அசைத்திருக்கிறீங்கள் அல்லவா? நாற்பது வருசச் சாக்கெட்டில் சிப்பின் கால்கள் கறுத்துப்போய் இருக்கும். கொஞ்சம் அசைந்தாலே தொடர்பு விட்டுவிடும். போர்டில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு ஐசி எண் போட்டிருக்கும்: ஐசி 1 பிராசசர், ஐசி 51 இயக்க முறைமை, ஐசி 52 பேசிக். இந்த மூன்றையும் இரண்டு முனையிலும் மாறி மாறி மெல்ல நெம்பிக் கழற்றி, திரும்ப அதே திசையில் அமுக்குங்கோ. பள்ளம் உள்ள பக்கத்தை முதலில் படம் எடுத்து வையுங்கோ. சிப்பைத் தொட முன்னம் ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னைப் போக்கிவிடுங்கோ.

ஈயப்புகை:

தம்பி சொன்னதுதான் முதல் வேலை. அதற்கும் கேட்காவிட்டால் ஐசி 3-ஐயும் கழற்றி மாட்டுங்கள். ஒலிச் சிப்புக்குக் கட்டளை அது வழியாகத்தான் போகிறது. பவர் சப்ளையிலிருந்து வரும் சிவப்பு ஒயர் மூன்றும் கறுப்பு மூன்றும் இறுக்கமாக உட்கார்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஊதா ஒயர் மைனஸ் 5 வோல்ட், அதை இடம் மாற்றிச் செருகினால் நான் பொறுப்பில்லை.

கோவென்ட்ரி பேரன்:

ஐசி 51! கழற்றிப் பார்த்தால் கால்கள் பழைய வெள்ளிக் கொலுசு மாதிரிக் கறுத்திருந்தன. அழி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். "பூ... பீப்."

அடுப்பங்கரையிலிருந்து பெரியப்பா குரல்: "வந்துடுச்சா?"

கேசட் முதல் இரண்டு தடவை பாதியில் நின்று, டேப்பைச் சுற்றச் சொன்னது. டேப் பிளேயரின் ஹெட் பக்கத்துச் சின்னத் திருகைத் துளி திருப்பி, கீச்சொலி தெளிவாகும் இடத்தில் நிறுத்தினேன். மூன்றாவது தடவை ஏறிவிட்டது. கோலம். அவர் 1984 பொங்கலுக்கு எழுதியதாம். புள்ளி ஒவ்வொன்றாக விழுந்து, அப்புறம் மஞ்சள் கோடு மெதுவாகச் சுற்றி வளைந்து போகிறது. முழுக்க வரைய நாலு நிமிஷம். நாங்கள் நாலு பேரும் நின்றபடியே பார்த்தோம்.

முடிந்ததும் பெரியம்மா சொன்னார்: "அஞ்சாவது வரிசையில ஒரு புள்ளி கம்மி. அப்பவே சொன்னேன், இவர் கேட்கல."

ஈயப்புகை:

முதலில் அந்தக் கேசட்டின் ஒலியை அப்படியே கணினியில் பதிவு செய்து வையுங்கள். டேப் அடுத்த தடவை அறுந்தாலும் அறும். திருத்துவதெல்லாம் அப்புறம்.

கோவென்ட்ரி பேரன்:

பதிவு செய்தாயிற்று. பெரியப்பா இப்போது புரோகிராமை வரி வரியாகத் திரையில் ஓட்டி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். புள்ளி எங்கே போனது என்று இன்னும் கிடைக்கவில்லை. பெரியம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.